நாலு போல்ட்டும் பதினேழு இலையும்

அக்டோபர் 20, ஞாயிறு

நில அளவைப் பிரிவில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் விவரம் எழுத வேண்டும். பதினைந்து வருடப் பழக்கம், வீட்டு நோட்டிலும் விடவில்லை.

உரிமையாளர்: உலகம்மை, வயது நாற்பத்தொன்று, வரைவாளர், தாலுகா அலுவலகம், அம்பாசமுத்திரம். சொத்து: வெள்ளைக் கார் ஒன்று, மூன்றரை வருட அனுபவத்தில் உள்ளது. இருப்பிடம்: வீட்டு முற்றம். மாடியில் அண்ணன் பிரம்மநாயகமும் பகவதி மதினியும், கீழே நான். தகராறு: காருக்குள் தண்ணீர்.

நேற்று முழுக்க மழை. இன்று மதியம் கடைக்குப் போகலாம் என்று ஏறி உட்கார்ந்து, இரண்டு ஊன்றுகோலையும் பக்கத்து சீட்டில் சாய்த்து, காலிப்பர் போட்ட காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தால் ஷூவுக்குள் சில்லென்று ஏறுகிறது. கூரை காய்ந்திருக்கிறது. சீட் காய்ந்திருக்கிறது. நாலு கண்ணாடியும் மூடியிருக்கிறது. டிரைவர் பக்கத் தரையில் மட்டும் அரை விரல் தண்ணீர்.

கிருத்திகைக்குச் செந்தூர் போயிருந்த அண்ணன் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்தினான். வழக்கம்போல இலை விபூதியை நீட்டினான். பன்னீர் மரத்து இலையில் விபூதியை வைத்து மடித்துக் கொடுப்பார்களே, அது. வழக்கம்போல வேண்டாம் என்றேன். வழக்கம்போலச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஓட்டை போட்டா தண்ணி வராதா பின்ன?"

ஓட்டை என்றால் என் ஓட்டை. எனக்குக் கால் பெடலுக்கு எட்டாது, எட்டினாலும் அழுத்தாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கம்பி இருக்கிறது. தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். அந்தக் கம்பியைத் தாங்குகிற சட்டத்தை மதுரையில் ஒருவர் எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரைத் துளைத்து நாலு போல்ட்டில் பூட்டிக் கொடுத்தார். அந்த நாலு போல்ட்டால்தான் நான் நாலு ஊர் பார்த்தேன்.

மூன்றரை வருடம் மழையில் சும்மா இருந்த போல்ட் இன்று ஏன் ஒழுக வேண்டும் என்று கேட்டேன். அதற்குள் அவன் படியேறிவிட்டான்.

அக்டோபர் 21, திங்கள்

தாவூது பாய் வந்தார். ஊரில் பாதி வண்டிக்கு அவர்தான் வைத்தியர். குனிந்து டார்ச் அடித்த ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"யக்கா, கம்பெனிக்காரன் அடைச்சு அனுப்பின தகட்டை நீங்க துளைச்சு வச்சிருக்கிய. தண்ணிக்கு நாமளே வழி காட்டிக் குடுத்த மாதிரில்லா ஆயிப்போச்சு."

நாலு போல்ட்டையும் சுற்றிக் கறுப்புப் பசையை அப்பினார். எதற்கு இவ்வளவு என்றேன். கொஞ்சம் கூட இருந்தால் தப்பில்லை என்றார். பல் பிடுங்கிய இடம் மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை இல்லை. எழுத ஒன்றுமில்லை. காருக்குள் ஊறவைத்த உளுந்து புளித்த வாடை.

அக்டோபர் 26, சனி

நேற்றும் முந்தாநாளும் மழை. இன்று காலை தரையில் அதே அரை விரல். பசை மட்டும் பளபளவென்று அப்படியே இருக்கிறது.

துணியை நனைத்து நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். அண்ணன் உரக்கடைக்குக் கிளம்பியவன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் குரலைத் தாழ்த்தினால் ஏதோ முடிவெடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

"ஏளா, போதும். செங்கோட்டையில ஒருத்தர் கேக்குதார். அந்தக் கம்பிய கழத்திட்டு எடுத்துக்கிடுதேங்கார். குடுத்திருவோம்."

"வண்டி என் பேர்ல இருக்கு."

"பேரு இருந்து என்ன செய்ய? வயர்ல தண்ணி ஏறி நடுரோட்டுல நின்னா, நீ இறங்கி ஓடுவியா?"

மாடிப்படியில் இருந்து மதினி, "வார்த்தையப் பாத்துப் பேசுங்க" என்றார். அவன் பேசிய பிறகு.

இறங்கி ஓடுவியா. சரி. ஓட முடியாதுதான். பிழிந்த துணியை அவன் காலடியில் உதறினேன். நாற்பத்தொரு வயதில் செய்கிற காரியமில்லை, செய்தேன்.

"கார்த்திகை ஒன்னு வரைக்கும் டைம் குடு. தண்ணி எங்கேருந்து வருதுன்னு நானே கண்டுபிடிச்சு நானே அடைக்கேன். முடியலன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஆனா என் போல்ட்டுல ஓட்டை இல்லன்னு ஆச்சுன்னா, இந்த வீட்டுல கார் விக்கதப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கப்படாது."

"சரி. அதுவரைக்கும் ஓட்டாத. நான் கொண்டு விடுதேன்."

கார்த்திகை ஒன்று என்றால் நவம்பர் பதினாறு. இருபத்தொரு நாள். வாய்க்கொழுப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

அக்டோபர் 28, திங்கள்

அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டான். பதினோரு வருடம் இப்படித்தான் போனேன். ஒரு கையால் அவன் தோளையும் மறு கையால் இரண்டு ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு. கை மறக்கவில்லை. எந்தப் பள்ளத்தில் எப்படிச் சாய வேண்டும் என்று அதற்கே தெரிகிறது.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் போய்விட்டார்கள். அலுவலகப் படியில் உட்கார்ந்தேன். ஆறு. ஆறரை. தூறல். அண்ணன் போனில், லோடு இறங்குகிறது, இந்தா வந்துட்டேன் என்றான். வாட்ச்மேன் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். குடை கொண்டுவந்தார். "பாவம், எவ்வளவு நேரம்" என்றார்.

பாவம்! மூன்றரை வருடமாக இந்த ஆள் எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்தார். ஒரே ஒரு நாள் கார் இல்லாமல் படியில் உட்கார்ந்தேன், பாவமாகிவிட்டேன்.

ஏழு பத்துக்கு அண்ணன் வந்தான். முழுக்க நனைந்திருந்தான். எனக்கென்று ஒரு மழைக்கோட்டைப் பைக்குள் சுருட்டி நனையாமல் கொண்டுவந்திருந்தான். திட்ட வைத்திருந்த வார்த்தை எல்லாம் வீணாகப் போயிற்று, அதுவும் எரிச்சல்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எல்லோர் வீட்டுக் கொடியிலும் ஈர வேட்டி. எங்கள் வீட்டுக் கொடியில் காரின் மிதியடி நாலு, அதற்கு அடியில் இருந்த பஞ்சு இரண்டு. பஞ்சு சொட்டிக்கொண்டே இருக்கிறது. மதினி அதிரசம் கொண்டுவந்து அதன் பக்கத்திலேயே நின்று தின்றார். "கார் தலை முழுகியாச்சு, நீ எப்ப?" என்றார்.

நவம்பர் 3, ஞாயிறு

அண்ணன் சஷ்டி விரதத்துக்கு நேற்றே செந்தூர் போய்விட்டான். ஆறு நாள் அங்கேதான் இருப்பான், சூரசம்ஹாரம் பார்த்துவிட்டுத்தான் வருவான். இந்த வாரம் ஆட்டோவில் ஆபீஸ் போகிறேன். நல்லதாயிற்று. பின்னால் நின்று பெருமூச்சு விட ஆளில்லாமல் வேலை பார்க்கலாம்.

நேற்று ராத்திரி படுக்கப் போகுமுன் மதினியின் முகப்பவுடரை வாங்கி, போல்ட்டில் அப்பிய பசையைச் சுரண்டிவிட்டு, அந்தத் தகட்டுச் சுவர் முழுக்கத் தட்டிவிட்டேன். போல்ட் தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. அங்கிருந்து ஒரு சொட்டு இறங்கினாலும் பவுடரில் கோடு விழும்.

ராத்திரி நல்ல மழை. காலையில் தரையில் தண்ணீர் நிற்கிறது. சுவரில் பவுடர் போட்டது போட்டபடி. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. மல்லிகை வாசனை வேறு.

தாவூது பாய்க்குப் போன் போட்டேன். "போல்ட் ஒழுகல பாய்."

"அப்பம் எது ஒழுகுது?"

"அது தெரியல. ஆனா போல்ட் இல்ல."

"கதவு ரப்பரா இருக்கும். இல்லன்னா மேல இருக்கும். இல்லன்னா..."

அன்று ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்ன மனிதருக்கு இன்று மூன்று சந்தேகம். எனக்கு ஏக சந்தோஷம். நாலு போல்ட்டையும் துடைத்துவிட்டேன். என் ஆட்கள்.

நவம்பர் 4, திங்கள்

ஆபீஸில் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் காரின் தரையை வரைந்தேன். பத்தில் ஒரு பங்கு அளவு. சீட், நடுமேடு, கதவு எல்லாம் சரியாக. நில அளவையர் எட்டிப் பார்த்து, எந்த ஊர்ப் புலம் என்றார். என் புலம் என்றேன்.

வரைந்துகொண்டிருக்கும்போதுதான் புத்தி வந்தது. எத்தனை வயல் தகராறு பார்த்திருக்கிறேன். தண்ணீர் தேங்குகிற வயல்காரனைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். மடை மேலே வேறு எவன் வயலிலோ இருக்கும். எங்கள் முற்றம் கிழக்கே சாக்கடைப் பக்கம் சரிவு. காரின் மூக்கு கேட்டைப் பார்த்து வடக்கே நிற்கிறது. அப்படியானால் வலப்பக்கம் பள்ளம். தண்ணீர் எங்கே நுழைந்தாலும் அடிப்பஞ்சு வழியே ஊறி வலப்பக்கம்தான் வந்து நிற்கும்!

வீட்டுக்கு வந்ததும் காரை எடுத்தேன். ஓட்டாதே என்றுதான் அண்ணன் சொன்னான், திருப்பாதே என்று சொல்லவில்லை. மூக்கு தெற்கே பார்க்க நிறுத்தினேன். இப்போது இடப்பக்கம் பள்ளம். தரை முழுக்கச் செய்தித்தாள் துண்டுகளை ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு விரித்தேன். இனி மழை வர வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

வந்தது. இடப்பக்கம் ஆறு தாளும் கூழ். வலப்பக்கம் ஆறு தாளும் மொறுமொறு.

வலப்பக்கம் ஓட்டை என்றால் வலப்பக்கம் எப்படிக் காயும்? தண்ணீர் இடப்பக்கம் வழியாகத்தான் வருகிறது. நான் கை வைக்காத பக்கம். கம்பெனிக்காரன் அடைத்தபடியே இருக்கிற பக்கம்.

சத்தமாகச் சிரித்தேன். மதினி மாடியில் இருந்து என்ன என்றார். ஒன்றுமில்லை, செய்தித்தாளில் நல்ல செய்தி என்றேன்.

நவம்பர் 6, புதன்

லீவு போட்டுவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று எழுதினேன்.

நான் இடப்பக்க சீட்டில் டார்ச்சோடு குனிந்துகொண்டேன். மதினி வெளியே ஹோஸ் பைப்போடு. கீழிருந்து மேலே போக வேண்டும், ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் பிடிக்க வேண்டும், அவசரப்படக் கூடாது என்று பாடம் நடத்தி அனுப்பினேன். மேலே ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழியும், அப்புறம் எது எங்கே நுழைந்தது என்று தெரியாது.

சக்கரத்துக்குப் பக்கம். ஒன்றுமில்லை. கதவுக்குக் கீழே. ஒன்றுமில்லை. கதவு ரப்பர். ஒன்றுமில்லை.

"உலகு, எனக்குக் கை வலிக்கி."

"இன்னும் கொஞ்சம் மதினி. முன்கண்ணாடிக்குக் கீழ, வைப்பர் இருக்குல்லா, அந்த ஓரம்."

"எந்த ஓரம்? உங்கண்ணன் ஸ்கூட்டர் நிறுத்துத பக்கமா?"

"அதே."

பத்து எண்ணவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில், ஏசி காற்றை ஊதுகிற பெட்டியில் இருந்து முதலில் ஒரு சொட்டு. பிறகு ஒரு நூல். பிறகு என் தலையில்!

"நிறுத்துங்க மதினி! நிறுத்துங்க!"

"என்னாச்சு?"

"கிடைச்சிட்டு!"

அவர் பைப்பைக் கீழே போடாமல் என் பக்கம் திரும்பினார். இருவரும் முழுக்க நனைந்தோம். இவ்வளவு சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

தாவூது பாய் போனில் விளக்கினார். வைப்பருக்கு அடியில் மழைத்தண்ணீர் விழ ஒரு தொட்டி உண்டாம். அது வடிய இரண்டு ஓரமும் துளை உண்டாம். துளை அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பி, காற்று போகிற வழியாக உள்ளே வரும். "மரத்துச் சருகா இருக்கும் யக்கா. நான் வந்து திறக்கட்டா?"

"வேண்டாம். எப்படித் திறக்கதுன்னு மட்டும் சொல்லுங்க."

நவம்பர் 7, வியாழன்

அரைநாள் லீவு.

நாலு மணிக்கு ஆரம்பித்தேன். பானெட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வைப்பர் இரண்டையும் கழற்றினேன். மாடியில் டீவியில் செந்தூர் சூரசம்ஹாரம் நேரலை. கடற்கரை முழுக்கத் தலை. அந்தக் கூட்டத்தில் எங்கோ அண்ணனும் நிற்பான். மதினி ஒரு கண் டீவியிலும் ஒரு கண் முற்றத்திலும் வைத்திருந்தார்.

கண்ணாடிக்குக் கீழே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் மூடியின் இடது ஓரத்தில் கொக்கி உடைந்து, நாலு விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அது எப்போது உடைந்தது என்று தெரியவில்லை. மூடியைத் தூக்கினேன். வலப்பக்கத் தொட்டி காலி, துடைத்துவைத்த மாதிரி. இடப்பக்கம் சேறு. கறுப்பும் வெள்ளையுமாக. வெள்ளை, சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

எங்கள் முற்றத்தில் மரம் கிடையாது. சருகு எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே கரண்டியால் தோண்டினேன். பச்சை மாறாத ஒன்று கையில் வந்தது. காற்றில் விழுந்த இலை இல்லை. நாலாக மடித்த இலை. விரித்தால் நடுவே ஈர விபூதி.

மாடியில் அரோகரா என்று கூட்டம் கத்துகிறது. சூரன் விழுந்துவிட்டான் போல.

தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. மேலே போன மாதத்து இலை. அதற்குக் கீழே பழுப்பு. அதற்குக் கீழே நரம்பு மட்டும். எண்ண முடிந்தது பதினேழு. மிச்சம் களியாகிவிட்டது. மாதம் ஒன்று என்றால் மூன்றரை வருடத்துக்கு நாற்பதாவது இருக்க வேண்டும்.

மதினி இறங்கி வந்தார். தாம்பாளத்தில் நான் வரிசையாக வைத்திருந்ததைப் பார்த்தார். ஒரு இலையை விரலால் புரட்டினார்.

"எனக்கு எப்பவும் ஒத்த இலைதான் குடுப்பாவ. ரெண்டு வாங்கினேம்பாவ. மத்தது எங்கன்னா உலகுக்குன்னு சொல்லுவாவ. நீ வாங்கிக்கிடுதேன்னு இத்தன நாளா நெனச்சேன்."

கார் வாங்கிய அன்று நான்தான் சொன்னேன். எலுமிச்சம்பழம், மிளகாய், சந்தனம், சாமி படம் எதுவும் இந்தக் காரின் உள்ளே வரக் கூடாது. என் காலுக்காக எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து நேர்த்திக்கடன்தான். ஒன்பது வயதில் அண்ணன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு செந்தூர்க் கடலில் இறங்கினான். பிறகு ஈர வேட்டியோடு பிராகாரம் முழுக்க உருண்டான். அவனுக்கு அப்போது பதினெட்டு. முட்டியெல்லாம் தோல் உரிந்து எழுந்து, முதலில் என் காலைத்தான் பார்த்தான். அது இருந்தபடிதான் இருந்தது. அன்றோடு நான் கோயிலை விட்டேன். அவன் விடவில்லை.

உள்ளே வரக் கூடாது என்றேன். அவன் வெளியே வைத்திருக்கிறான்.

சைக்கிள் கம்பியை விட்டு வடிதுளையைக் குத்தி எடுத்தேன். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் கடகடவென்று சக்கரத்துக்குப் பின்னால் கொட்டுகிறது. உடைந்த வாயைத் தகடு வைத்துத் திருகி அடைத்தேன்.

கண் எரிந்தது. ஊறிய விபூதி பட்டிருக்கும்.

நவம்பர் 9, சனி

அண்ணன் நேற்று ராத்திரி வந்திருக்கிறான். காலை ஐந்தரைக்கு முற்றத்தில் செருப்புச் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தேன். குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு காரின் முன்னால் நின்றான். உதடு அசைந்தது. இலையைப் பையில் இருந்து எடுத்து வைப்பர் ஓரம் கையைக் கொண்டுபோனான். வாயைக் காணோம். தடவினான். குனிந்தான். மறுபடி தடவினான். பார்க்க என்னவோ போல இருந்தது.

"அங்கன அடைச்சாச்சுண்ணே" என்றேன்.

திருட்டுப் பிடிபட்ட பிள்ளை மாதிரி திரும்பினான். நான் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது, இரண்டு கையும் ஊன்றுகோலுக்கு. மதினி கொண்டுவந்து பானெட் மேல் வைத்தார். பதினேழு இலை. காய்ந்திருந்தது.

"தண்ணி வந்தது என் போல்ட்டால இல்ல. இதால."

அவன் ஒவ்வோர் இலையாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு சொன்னான், "மூணரை வருசமா உனக்கு ஒன்னும் ஆகலல்லா?"

"ஆகல."

"அதனாலதான் ஆகல."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஒன்னும் ஆகலன்னா அது நான் ஓட்டுததால. ஆலங்குளம் ரோட்டுல ஆடு குறுக்க வந்தப்ப பிரேக் பிடிச்சது நான். முருகன் இல்ல. என் கை. நீ என்னைக்காவது நான் ஓட்டிப் பாத்திருக்கியா? ஒரு நாள்? ஏறி உக்காந்திருக்கியா?"

அவன் தாம்பாளத்தைப் பானெட்டின் ஓரத்துக்கு நகர்த்தினான்.

"உன் சைக்கிள்ல வந்து விழுந்துதான் என் முட்டி உடைஞ்சது. என் கார்ல வந்து இதுவரைக்கும் ஒருத்தரும் விழல."

மதினி, "உலகு" என்றார். அண்ணன் தன் கையில் இருந்த இலையையே பார்த்தான். நான் எட்டாவது படிக்கும்போது நடந்தது. அவன் ஒரு வாரம் சோறு தின்னவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.

படியேறப் போனவன் பாதியில் நின்றான். "இலை இனிமே வைக்கல. ஆனா வண்டியும் வேண்டாம். செங்கோட்டைக்காரர் வரட்டும்."

ஆகத் தண்ணீர் ஒரு சாக்கு. எனக்கு இது முதலிலேயே தெரியும் என்று நினைக்கிறேன். துணி பிழிந்த அன்றே.

நவம்பர் 11, திங்கள்

பேச்சு இல்லை. ஸ்கூட்டரில் கொண்டுவிட வந்து நின்றான். ஆட்டோவில் போனேன். அவன் பின்னாலேயே அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினான்.

நவம்பர் 13, புதன்

மழை இல்லை. எனக்கு மழை வேண்டும். அடைத்தது சரி என்று மழைதான் சொல்ல வேண்டும், ஒரு குடம் தண்ணீர் போதாது. மேகத்தைப் பார்த்துத் திட்டிய முதல் ஆள் இந்த ஐப்பசியில் நானாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 14, வியாழன்

மதினி சொன்னது: அண்ணன் இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லையாம். அவ ரோட்டுல தனியா போகும்போது எனக்கு மூச்சு நிக்குது என்றானாம். எனக்கும் அலுவலகப் படியில் உட்காரும்போது மூச்சு நிற்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

நவம்பர் 15, வெள்ளி

விடியற்காலை தொடங்கியது. மலையில் இருந்து இறங்கி வந்த மழை. பத்து மணிக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர், பள்ளிக்கூடம் லீவு. நாள் முழுக்க விடவில்லை. நான் காரின் தரையில் பன்னிரண்டு தாளையும் விரித்துவிட்டு வந்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்று, காய்ந்திருக்கிறது. இரண்டு, காய்ந்திருக்கிறது. பன்னிரண்டும் மொறுமொறு. மதினியைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னேன். தொட்டார்.

நவம்பர் 16, சனி. கார்த்திகை ஒன்று

ராத்திரியே மழை வெறித்துவிட்டது. செங்கோட்டைக்காரர் பத்து மணிக்கு வந்தார். சாதுவான மனிதர். காரைச் சுற்றி வந்தார், கம்பியைப் பார்த்து, இதைக் கழற்றினால் ஓட்டை தெரியுமா என்றார். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தெரியாது. ஏன்னா கழத்தப் போறதில்ல" என்றேன். "மன்னிச்சுக்கோங்க. வண்டி விக்கதுக்கில்ல. உங்களை வரச்சொன்னது தண்ணி வருதுன்னு. தண்ணி நின்னுபோச்சு. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். கையெழுத்து என்னுடையது, பந்தயம் நான் வைத்தது, ஜெயித்ததும் நான். அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நேர்மை அவனிடம் எப்போதும் உண்டு. காப்பி குடித்துவிட்டு அவர் போனார்.

நான் கார்க் கதவைத் திறந்தேன். "அண்ணே, ஏறு."

"எங்க?"

"கல்லிடைக்குறிச்சி வரைக்கும். ஆத்துப்பாலம் தாண்டித் திரும்பிருவோம்."

"எனக்குக் கடை இருக்கு."

"கடை இருக்கும். ஓடிராது. ஏறு."

மதினி அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினார் என்று நினைக்கிறேன். அவன் இடப்பக்கக் கதவைத் திறந்தான். செருப்பை வெளியே கழற்றி வைத்தான்! கோயிலா இது என்றேன். வெறுங்காலோடு ஏறி, பெல்ட் எங்கே என்று தேடினான். போட்டுக்கொள்ளக்கூடத் தெரியவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன். சட்டைப் பையில் அன்றைய இலை இன்னும் இருந்தது. எட்டு நாளாக அதைத் தூக்கிக்கொண்டே திரிந்திருக்கிறான்.

"இதை எங்க வைக்க?"

"உன் கையில வை. நீ உக்காந்திருக்க வரைக்கும் அது உள்ள இருக்கலாம்."

கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறினேன். எதிரே பஸ் வந்தது. பக்கத்தில் ஓர் அசைவு. அண்ணன் பிரேக் போடுகிறான். இல்லாத பெடலை வலது காலால் ஓங்கி மிதிக்கிறான். மாட்டு வண்டிக்கு ஒரு மிதி. பள்ளிக்கூட முக்கில் ஒரு மிதி. ஒரு கோழிக்கு இரண்டு.

"பைய போளா."

"முப்பதுலதான் போறேன்."

பாலத்தில் ஏறினோம். ஆறு இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. எதிரே லாரி, பின்னால் பஸ் ஹாரன், நடுவே சைக்கிளில் ஒருவர் திடீரென்று ஒடித்தார். நான் கம்பியைத் தள்ளினேன். நின்றது. சைக்கிள்காரர் போனார். மறுபடி கம்பியை இழுத்தேன்.

பாலம் முடிந்தது. அண்ணன் என் கையைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீ எப்ப பிரேக் பிடிச்சேன்னே தெரியல."

"தெரியாமப் பிடிக்கதுதான் பிரேக்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெகுதூரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். கல்லிடையில் காரைத் திருப்பும்போது, "அந்த முட்டி மழைக்கு இன்னும் வலிக்கா?" என்று கேட்டான். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

"மழைக்கு வலிக்கும். வேற ஒன்னும் இல்ல. நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கப்படாது."

"சொன்னா என்ன, உண்மைதான."

வீடு வந்தபோது மதினி கேட்டில் நின்றார். "செருப்பு மட்டும் இங்க கெடக்கு, ஆளைக் கொண்டுபோயிட்டியேன்னு பாத்தேன்." அண்ணன் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, இலையை மதினி கையில் கொடுத்துவிட்டு, கடைக்குப் போனான். ஸ்கூட்டரை எடுக்காமல் நடந்தே போனான். திங்கள்கிழமை நான் கொண்டுவிடட்டுமா என்று கேட்கவில்லை.

காரைப் பூட்டும் முன்பு இடப்பக்கத் தரையில் இருந்த தாளை எடுத்தேன். எண் நாலு. நேற்றுப் போட்டது, எடுக்க மறந்திருந்தேன். நடுவில் வலது குதிகால் மிதித்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது, மூன்றரை வருடத்துக்கும் சேர்த்துப் பிரேக் போட்டிருக்கிறான். ஓரம் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. மடித்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.